உமி மூட்டையோடு வந்த பேச்சியம்மாள்

என் மூத்த பேரன் கார்த்திக் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் அவனுக்குப் பதவி உயர்வு வந்தது. அடுத்தவள் நிவேதா நர்ஸ் படிப்பை முடிக்கப் போகிறாள், வகுப்பில் அவள்தான் முதலாவது. கடைக்குட்டி திவ்யா எட்டாம் வகுப்பு படிக்கிறாள், கோ-கோ விளையாட்டில் மாவட்ட அணியில் எடுத்திருக்கிறார்கள். நம் குடும்பக் குரூப்பில் நான் எதை எழுதினாலும் இப்படித்தான் ஆரம்பிப்பேன் என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். இன்றைக்கும் கை அந்த வழியில்தான் போகிறது. ஆனால் இந்த மூன்று பிள்ளைகளும் எனக்கு மட்டும் பேரப்பிள்ளைகள் இல்லை. என்னை அப்பத்தா என்று கூப்பிடுகிற அதே வாய்கள், மம்சாபுரத்தில் இன்னொருவரை அம்மாச்சி என்று கூப்பிட்டன. இத்தனை வருடத்தில் அவரைப் பற்றி நான் இங்கே ஒரு வரி எழுதியதில்லை. என் மருமகள் செல்வியைப் பெற்றவர், என் சம்பந்தி பேச்சியம்மாள். அவர் போய் இன்றோடு பதினேழு நாள்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நோட்டில் எழுதித் தருவதைத் திவ்யா டைப் செய்து போடுகிறாள். பிழை இருந்தால் அது என்னுடையது, பிள்ளையைச் சொல்லாதீர்கள்.

செய்தி வந்தபோது நான் ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுப் பின்புறம் கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தேன். காலை ஏழு மணி இருக்கும். செல்வி போனைக் காதில் வைத்தபடியே பின்வாசல் படியில் வந்து நின்றாள். "யாருத்தா?" என்றேன். போனை என்னிடம் நீட்டினாள். அந்தப் பக்கம் அவள் தம்பி முருகன்.

"அத்தை, அம்மா போயிட்டா. குடத்தை இறக்கி வச்சுட்டு செத்த உக்காந்துக்கிடுதேன்னு சொன்னா. உக்காந்தவதான்" என்றான்.

கிண்ணத்தில் மிச்சம் இருந்த தீனியைப் போட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். துக்கம் வந்துவிட்டது என்று கோழியிடம் சொல்ல முடியாது, அது காலைச் சுற்றிக்கொண்டு நிற்கும். அன்றைக்கு உடம்பில் ஏறிய அலுப்பு இன்னும் இறங்கவில்லை. எழுபதை நெருங்குகிற வயதில் எத்தனை சாவு வீடு பார்த்தாயிற்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடிச் சேலை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி இறங்கியாயிற்று. ஆனால் என்னைவிட ஐந்து வயது இளையவருக்குக் கோடி எடுத்துக்கொண்டு போவேன் என்று நினைக்கவில்லை.

மம்சாபுரத்தில் கூட்டம் இருந்தது. அவரோடு களை எடுத்தவர்கள், நாற்று நட்டவர்கள் எல்லோரும் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. முருகன் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டான். "அத்தை, தெருமுனையில பிளக்ஸ் வைக்கணும்னு பசங்க கேக்குறாங்க. எங்ககிட்ட அம்மா படம் ஒண்ணும் நல்லதா இல்ல. நீங்க போட்டோ எடுத்துக்கிட்டே இருப்பீங்களே, உங்க போன்ல இருக்கா?"

இருக்கும் என்று சொல்லித்தான் தேட ஆரம்பித்தேன். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தள்ளித் தள்ளிப் பார்த்தேன். கார்த்திக் பட்டம் வாங்கியது, நிவேதா வெள்ளைச் சட்டை போட்டது, திவ்யா கோப்பையோடு நின்றது, என் அறுபதாம் வயதில் எடுத்தது, கோழி, கோழி, கோழி. நூற்றுக்கணக்கில் படம். பேச்சியம்மாள் ஒன்றில்கூட இல்லை. ஒரே ஒரு படத்தில் ஓரமாக அவர் கை மட்டும் விழுந்திருந்தது. முருகனிடம் இல்லை என்று சொன்னேன். அவன் ஒன்றும் நினைக்கவில்லை. ஆதார் அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கி வைத்தார்கள். நம் குரூப்பிலும் அந்தப் படம்தான் வந்தது. அதில் அவர் யாருக்கோ பயந்த மாதிரி இருப்பார். அவர் பயந்து நான் பார்த்ததே இல்லை.

அந்தக் கை என் படத்துக்குள் எப்படி வந்தது என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஏழெட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு கல்யாண வீட்டில் நம் உறவுக்காரி ஒருத்தி, தன் வீட்டில் வளர்க்கிற நாட்டுக்கோழிகளைப் பற்றிச் சாம்பாரில் ஆரம்பித்து பாயாசம் வரைக்கும் பேசினாள். பேரன் பேத்தி விஷயத்தில் அவளால் என்னோடு போட்டி போட முடியாது. கோழியிலாவது ஜெயித்துவிட்டுப் போகட்டும் என்று நான் விட்டிருக்கலாம். விடவில்லை. மறு வாரமே என் மகனைத் தொந்தரவு செய்து, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் ஒரு நாள் வயசுக் குஞ்சுகள் இருபது வாங்கிவரச் சொன்னேன். வந்த அன்றே எண்ணிப் படம் எடுத்து, "எங்கள் வீட்டுக்கு இருபது புது விருந்தாளிகள்" என்று குரூப்பில் போட்டேன். அதற்கு முன்னால் என் வாழ்நாளில் ஒரு கோழிக்குஞ்சை வளர்த்ததில்லை. இருபத்தாறு வருடம் மில்லில் வைண்டிங் பகுதியில் நின்றவள். எனக்குத் தெரிந்ததெல்லாம் நூல்தான்.

குஞ்சுக்குக் கீழே எதையாவது பரப்ப வேண்டும் என்றார்கள். என் மகன் வேலை பார்க்கிற இடம் கட்டுத்துணி நெய்கிற கம்பெனி. துடைக்கிறதுக்கு என்று அங்கே கழித்துப் போட்ட பேண்டேஜ் துணியும் பஞ்சும் எங்கள் வீட்டில் எப்போதும் ஒரு சாக்கு கிடக்கும். காயத்துக்குக் கட்டுகிற துணி, அவ்வளவு மெத்து. என் பேரப்பிள்ளைகள் மூன்று பேரையும் கைக்குழந்தையில் அந்தப் பஞ்சில்தான் படுக்க வைத்தேன். அதையே பெட்டிக்குள் கனமாகப் பரப்பினேன். இந்த ஊரில் எந்தக் கோழிக்குஞ்சுக்கும் இப்படி ஒரு மெத்தை கிடைத்திருக்காது என்று செல்வியிடம் சொன்னேன். அவள், "அம்மா வீட்டுல உமிதான் போடுவாவ" என்றாள். "இது உங்க அம்மா வீடு இல்ல" என்றேன்.

நான்காம் நாள் காலையில் இரண்டு குஞ்சுகள் செத்துக் கிடந்தன. ஐந்தாம் நாள் இன்னொன்று. மற்றவை நடக்காமல் விழுந்து விழுந்து எழுந்தன. குளிர் என்று நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் பஞ்சைப் போட்டேன். கண்பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டேன். குரூப்பில் குஞ்சுகள் எப்படி இருக்கின்றன என்று கேட்டவர்களுக்கு, இருபதும் நன்றாக இருக்கின்றன என்று பதில் போட்டேன். அது பொய். செல்வி என்னிடம் கேட்காமல் தன் அம்மாவுக்குப் போன் செய்துவிட்டாள்.

அன்று மதியமே பேச்சியம்மாள் வந்துவிட்டார். இடுப்பில் ஒரு உமி மூட்டை. "கண்டக்டர் மூட்டைக்கு டிக்கெட் எடுன்னாரு மதினி. பொம்பளைக்குத்தான் பஸ் ஓசியாச்சே, மூட்டை என்ன ஆம்பளையான்னு கேட்டேன். சிரிச்சுட்டுப் போயிட்டாரு" என்று சொல்லிக்கொண்டே நேரே பின்புறம் போனார். கண் ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது, ஒரு கண்ணை இடுக்கித்தான் பார்ப்பார். பெட்டிக்குள் கையை விட்டு ஒரு குஞ்சை எடுத்தார். பார்க்கக்கூட இல்லை, காலைத் தடவினார். அப்புறம் கழுத்துக்குக் கீழே உருட்டிப் பார்த்தார்.

"மதினி, இது மெத்தை இல்ல. வலை" என்றார்.

குஞ்சுகளின் விரல்களிலும் காலிலும் நூல் சுற்றிச் சுற்றி இறுகிப்போயிருந்தது. மயிரிழை மாதிரி நூல், மேலே பார்த்தால் தெரியாது. கால் வீங்கி நூல் தோலுக்குள் போய்விட்டது. செத்த குஞ்சுகள் பஞ்சைத் தீனி என்று கொத்தி விழுங்கி, அது இரைப்பையில் பந்தாக உருண்டு அடைத்துச் செத்திருந்தன. ஆனாலும் என் வாய் அடங்கவில்லை. "நூலைப் பத்தி எனக்குச் சொல்லித் தர வேண்டாம்" என்றேன்.

"அது சரிதான். நூல் உங்களுக்குத் தெரியும், கோழி எனக்குத் தெரியும். இப்ப ரெண்டும் ஒண்ணாக் கெடக்கு. வாங்க, உக்காருங்க" என்றார்.

மதியம் இரண்டு மணியிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் உட்கார்ந்தோம். அவர் குஞ்சைக் கையில் பிடித்து, தேங்காய் எண்ணெய் தொட்டு, எந்த இடத்தில் இறுகியிருக்கிறது என்று விரலால் தடவிச் சொல்வார். நான் கண்ணாடி போட்டுக்கொண்டு ஊசி முனையால் அந்த நூலைத் தூக்கி அறுப்பேன். மில்லில் எத்தனை ஆயிரம் இழையை முடிச்சுப் போட்டு இணைத்திருக்கிறேன். இழையை அவிழ்ப்பது அதைவிடக் கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பதினேழு குஞ்சு. ஒன்று என் கையிலேயே போய்விட்டது. இன்னொன்றுக்கு ஒரு விரல் நூலோடு உதிர்ந்து வந்தது. நான் ஊசியைக் கீழே போட்டுவிட்டேன். அவர் எடுத்துத் துடைத்து மறுபடி என் கையில் கொடுத்தார். "அது பொழைக்கும் மதினி. அடுத்ததைப் பாருங்க" என்றார். நீ செய்தது தப்பு என்று அன்றைக்கும் சொல்லவில்லை, பின்னாலும் சொல்லவில்லை. ஊரில் போய்ச் சொன்னதாகவும் என் காதுக்கு எட்டவில்லை. என் வாயாக இருந்தால் பக்கத்து ஊர் மடவார் வளாகம் வரைக்கும் எட்டியிருக்கும்.

மகள் வீட்டில் இரண்டு நாளைக்கு மேல் தங்காதவர், அந்தத் தடவை மூன்று வாரம் இருந்தார். பெட்டியில் உமி பரப்பி, மேலே ஒரு பல்பைக் கட்டித் தொங்கவிட்டார். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டார், குஞ்சு அலகை நனைக்கலாம், விழுந்து நனையாது. நான் நிமிடத்துக்கு ஒரு தரம், குளிருமோ, சுடுமோ என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் சொன்னார்: "அதுகளுக்கு வாய் இருக்கு, பேச்சு இல்ல. எங்க நிக்குதுன்னு பாருங்க மதினி. பல்புக்குக் கீழ ஒண்ணு மேல ஒண்ணு ஏறுச்சுன்னா குளிருதுன்னு அர்த்தம். ஓரத்துல போய் ஒட்டுச்சுன்னா சுடுதுன்னு அர்த்தம். பரவலா நின்னா நம்ம போய் நம்ம சோலியப் பாக்கலாம்." அதன்படி பல்பை ஏற்றி இறக்கக் கற்றுக்கொண்டேன்.

இன்னொன்றையும் கண்டித்துச் சொன்னார். நான் காலையும் மாலையும் பெட்டிக்கு முன்னால் நின்று விரல் நீட்டி எண்ணுவேன். "எண்ணாதீங்க மதினி. கோழிக்குஞ்சை வாய்விட்டு எண்ணுனா குறையும்பாவ. ஒவ்வொண்ணாக் கையில எடுத்துப் பாத்துட்டு இறக்கி விடுங்க. அது போதும்" என்றார். மூடநம்பிக்கை என்றேன். யோசித்துப் பார்த்தால், எண்ணுகிறவளுக்குக் கால் வீங்கியது தெரியாது. கையில் எடுத்துப் பார்க்கிறவளுக்குத்தான் தெரியும். அவர் பேரப்பிள்ளைகளையும் அப்படித்தான் வைத்திருந்தார். யார் என்ன மார்க் என்று அவருக்குத் தெரியாது. கார்த்திக்குக் குளிர்ந்த தண்ணீர் ஆகாது, நிவேதாவுக்கு இடதுகால் பாதத்தில் வெடிப்பு, அது தெரியும்.

சொட்டு மருந்துக்கு அரசு மாட்டாஸ்பத்திரிக்குப் போனதையும் சொல்ல வேண்டும். வெள்ளைக்கழிச்சல் நோய் வராமல் இருக்க ஏழாம் நாளில் கண்ணில் விட வேண்டும் என்றார். கூடையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்க எனக்குக் கூச்சம், பத்தடி பின்னாலேயே போனேன். அங்கே இருந்த ஆள், "யாரு கோழி?" என்று கேட்டார். பேச்சியம்மாள் கூடையை மேசைமேல் வைத்துவிட்டு என்னைக் கையைக் காட்டினார். "இவிய கோழி. நான் தூக்கிட்டு வந்தவ." அந்த ஆள் என்னிடம், "நல்லா வளத்திருக்கீங்கம்மா" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

குஞ்சுகள் கோழியாகி முற்றத்தில் திரிய ஆரம்பித்த பிறகு பேச்சியம்மாள் மறுபடி ஒரு நாள் வந்தார். வந்த கையோடு கூண்டைக் கூட்டி, உமி மாற்றி, தீனியை முறத்தில் எடுத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தார். திவ்யா குரூப்பில் போடுவதற்குப் படம் எடுக்க வந்தாள். நான் அதற்காகவே நல்ல சேலை கட்டியிருந்தேன். அப்போது சொன்னேன், என் வாயால்தான் சொன்னேன்: "சம்பந்தி, செத்த அந்தப் பக்கம் தள்ளி உக்காருங்க. சேலையெல்லாம் உமியா இருக்கு. அம்புட்டு பேரும் பாக்குற படம்."

"ஆமா மதினி, நீங்க நில்லுங்க" என்று உடனே நகர்ந்துகொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எடுத்த பிறகு படம் எப்படி வந்திருக்கிறது என்று கேட்டார். காட்டினேன். போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "நல்லாருக்கு. ஓரத்துல என் கை விழுந்துட்டு. அத வெட்டி விட்டுருங்க" என்றார். வெட்டத் தெரியாததால் அப்படியே போட்டோம். "அப்பத்தாவின் கோழிப்பண்ணை" என்று எழுதினேன். நீங்கள் எல்லோரும் பாராட்டினீர்கள். ஒவ்வொருவருக்கும் நன்றி போட்டேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

வேப்பமரத்தடியில் தேடினேன் என்று சொன்னேனே, அந்தப் படம்தான் அது. அன்றைக்குத்தான் ஒழுங்காகப் பார்த்தேன். நடுவில் நான் நிற்கிறேன். சுற்றிப் பதினாறு கோழிகள். ஒன்றுகூட என்னைப் பார்க்கவில்லை. எல்லாம் ஓரத்தில் இருக்கிற அந்தக் கையைப் பார்த்து நிற்கின்றன. எங்கே நிற்கிறது என்று பார்த்தால் தெரியும் என்பாரே, அது எனக்கு அத்தனை மாதம் தெரியவில்லை.

நேற்று மம்சாபுரத்தில் பதினாறாம் நாள் காரியம் முடித்துத் திரும்பினோம். எனக்குக் கால் வலி, படுக்கத்தான் போனேன். திவ்யா மட்டும் வீட்டுக்குள் வராமல் கோழிக்கூண்டோடு ஒட்டி நின்றாள். பசி என்றால் அடுப்படியில் நிற்பாள், தூக்கம் என்றால் அவள் அம்மாவிடம் நிற்பாள். அங்கே நிற்கிற பிள்ளை இல்லை. எழுந்து போனேன்.

"என்னத்தா?" என்றேன்.

"அப்பத்தா, ஏசக்கூடாது" என்றாள். "அன்னைக்கு நான் ரெண்டு போட்டோ எடுத்தேன். நீங்க அம்மாச்சியைத் தள்ளச் சொல்றதுக்கு முன்னாடியே ஒண்ணு எடுத்துட்டேன்."

"மாமா படம் கேட்டப்ப குடுத்திருக்கலாமே?"

"அதுல அம்மாச்சி சேலை அழுக்கா இருக்குல்ல. அப்படிப் போடக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

நான் ஏசவில்லை. ஏச வேண்டிய ஆள் அவள் இல்லை. படத்தைக் காட்டச் சொன்னேன். பேச்சியம்மாள் குந்தி உட்கார்ந்திருக்கிறார். சேலையில் உமி, தலையில் உமி, மடியில் அந்த விரல் போன கோழி ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு எதற்கோ சிரிக்கிறார். நான் பின்னால் முந்தானையைச் சரி செய்துகொண்டு பாதி தெரிகிறேன்.

சொந்தபந்தங்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இருபது குஞ்சில் நாலு செத்தது என்னால். பதினாறு பிழைத்தது பேச்சியம்மாளால். நீங்கள் எனக்குச் சொன்ன பாராட்டு அவருக்குச் சேர வேண்டியது. என்னால் இப்போது அதை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த ஊசி இருக்கிறது. பாதி உமி மூட்டை இருக்கிறது. ஒருத்தர் பேசாமல் இருந்தால் எங்கே நிற்கிறார் என்று பார்க்க வேண்டும் என்கிற புத்தி இருக்கிறது, அது தாமதமாக வந்தது. இன்று காலையில் கோழிகளை எண்ணாமல், ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு இறக்கிவிட்டேன். நேரம் ஆகிறது, இடுப்பு வலிக்கிறது. ஆனாலும் அப்படித்தான் செய்ய வேண்டும் போலிருக்கிறது.

திவ்யா, இதை டைப் செய்து முடித்ததும் குரூப்பில் இருக்கிற அந்த ஆதார் படத்தை எடுத்துவிடு. நீ முதலில் எடுத்த படத்தைப் போடு. முருகன் மாமாவுக்கும் அனுப்பு. சேலையில் உமி இருந்தால் இருக்கட்டும். எதையும் வெட்டாமல் போடு.